யாராச்சும் ஒருத்தர் வச்சிருப்பாங்க

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் அவர் கடை. மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ என்று எழுதிய பலகைதான் முதலில் கண்ணில் படும். நான் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஆடு மேய்க்கிறவர் இடுப்பிலும் போன் வந்துவிட்டிருந்தது. பலகை மட்டும் இறங்கவில்லை. அதற்குக் கீழே பிரவுசிங் சென்டர் என்று ஒரு பலகை, அதற்கும் கீழே ஜெராக்ஸ், லேமினேஷன், அதற்கும் கீழே ரீசார்ஜ், ஆதார் திருத்தம். ஒன்று வந்தால் இன்னொன்று போக வேண்டும் என்ற உலக வழக்கம் அந்த வாசலில் செல்லுபடியாகாது. பலகைகளின் கனத்தில் முன்கூரை சாய்ந்து கிடந்தது. யார் உள்ளே போனாலும் குனிந்துதான் போக வேண்டும்.

"எதுக்கு பாய் இன்னும் இந்த எஸ்டிடி போர்டு? கழட்டிப் போடலாம்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருக்கட்டும்மா. யாராச்சும் ஒருத்தர் இத அடையாளமா வச்சிருப்பாங்க."

இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும், அவரைத் தெரிந்த மாதிரிதான். பெயர் எதற்கு? ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டது. ஊரில் எத்தனையோ பாய்கள் இருந்தாலும் 'போர்டு பாய்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் வேறு கேள்வி கேட்காமல் இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பலகையை எடுக்காததில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

கடைக்குள் ஃபேக்ஸ் மெஷின் ஒன்று துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாரம் தவறாமல் அதைத் துடைப்பார். எனக்குத் தெரிந்து அதைத் தேடி ஒரே ஒரு மனிதர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தோல்பை, ஏதோ கோர்ட் விவகாரம். "இங்க ஃபேக்ஸ் இருக்குமா?" என்று அவர் கேட்டதும் பாயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த அன்றுகூட அப்படிப் பூரித்திருக்க மாட்டார். என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை விலக்கினார். மெஷின் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அதற்கு லேண்ட்லைன் வேண்டுமே, அதைத் துண்டித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மன்னார்குடியில் போய்ப் பாருங்கள் என்று பஸ் ஏற்றிவிட்டார். அதில் தனக்கு ஏதோ தோல்வி என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. "பாத்தீங்களாம்மா, வந்தாங்கள்ல?" என்று மாதக்கணக்கில் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். காம்பவுண்ட் சுவரில் புது கேட் வைத்தபோது பழைய கேட்டை அடைக்க விடவில்லை. பால்காரர் அந்த வழியாக வந்து பழகியவராம். பால்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பால் பாக்கெட்டில் வருகிறது. பழைய கேட் வழியாக ஆடு வருகிறது. "அந்த ஆட்டக்கூட வெரட்ட மாட்டாங்க. பழகிருச்சாம்" என்பார் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாயை மனம்போலக் கிண்டல் செய்ய எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி.

பாயிடம் இரண்டு போன் இருந்தன. ஒன்று ஊருக்குத் தெரிந்த நம்பர். இன்னொன்று, வளைகுடாவில் கம்பெனி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியதும் வாங்கிய முதல் நம்பர். இந்த இரண்டாவதற்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்வார். அதில் யார் கூப்பிடுவார்கள்? லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா, செங்கல்பட்டுப் பக்கம் மனை வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் நான் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வைப்பேன். பாய், அந்தப் பக்கத்துப் பெண் மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு, "வேண்டாம்மா, நல்லா இருங்க" என்று சொல்லி வைப்பார்.

"அந்த நம்பரத் தூக்கி முத்துப்பேட்டைக் கடல்ல போட்டா என்ன?" என்று அக்கா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"யாராச்சும் ஒருத்தர் அந்த நம்பர வச்சிருப்பாங்க."

"வச்சிருக்கறவங்க கூப்புடணுமே?"

"கூப்புடறப்ப எடுக்கணும்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குத் திருத்துறைப்பூண்டியில் வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறவள் நான். பழைய மென்பொருளைப் பிரித்து, வேண்டாததைக் கழித்து, புதிதாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. இப்படிப்பட்டவளைக் கடவுள் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அந்தக் கடை. கரண்ட் போன ஒரு பகலில், அங்கே இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று மடிக்கணினியோடு போனேன். ஜெராக்ஸுக்கு நின்ற கூட்டத்துக்கு நடுவே அவர் திரையில் நிரல் ஒன்று திறந்திருந்தது. பாய் நிரல் எழுதுவார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

தண்ணீர் முறைக்கான நிரல் அது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியெல்லாம் பங்கு கொடுத்துவிட்டுக் கடைசியில் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும்போது, அதைத் தண்ணீர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அதனால் முறை வைத்து விடுவார்கள். இன்று இந்த வாய்க்காலுக்கு, நாளை அந்த வாய்க்காலுக்கு. முறை வருகிற ஊர்க்காரர்கள் போய்த் தங்கள் மதகைத் திறந்துகொள்ள வேண்டும். கோட்டை விட்டால் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போய்விடும், முறை மறுபடி சுற்றி வரும்வரை வயல் வெடித்துக் கிடக்க வேண்டியதுதான். முறை இல்லாத நாளில் திறந்தாலோ, பக்கத்து ஊர் மண்வெட்டியோடு வந்து நிற்கும். பாயின் நிரல், யார் முறை எப்போது என்று அந்தந்த ஊர் விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்பியது. அதைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து போட்டிருந்தார். தண்ணீருக்காக எழுதியதற்கு மதகு வைக்கக் கூடாதாம். சரி, நல்ல காரியம்தானே என்று நானும் திருத்துகிறவர்களில் ஒருத்தியாகச் சேர்ந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போய் நிரலைத் திறந்து பார்த்தால், அச்சாக அவர் கடை. செய்தி அனுப்ப ஒரு வழி. அதற்கு முந்தைய வழி, 'பழைய முறை' என்ற பெயரில். அதற்கும் முந்தையது, 'பழைய பழைய முறை' என்ற பெயரில். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறிப்பு: நீக்க வேண்டாம், யாராவது ஒருவர் வைத்திருக்கக்கூடும். நான் உள்ளே போகும்போது குனியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதிவிடுவதில்லை. கல்யாணத்துக்கு அண்டா குண்டா வாடகைக்கு எடுப்பதுபோல, வேறு யாரோ எழுதி வைத்ததை எடுத்துத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்வார்கள். டிபென்டன்சி என்பார்கள். ஊர் பேர் தெரியாத ஆளை நம்பிப் பிழைப்பதற்கு எவ்வளவு கௌரவமான பெயர் பாருங்கள். பாயின் நிரலில் செய்தியை அனுப்புகிற வேலை முழுவதும் அப்படி இரவல் வாங்கிய ஒன்றின் தலையில்தான் இருந்தது. அதை எழுதியவர் எப்போதோ கைகழுவிவிட்டுப் போய்விட்டார். வேறு சிலர் எடுத்துச் சரிசெய்து புதிய பதிப்பு வெளியிட்டிருந்தார்கள். 'உங்களிடம் இருப்பது பழசு, அதில் ஓட்டை இருக்கிறது, உடனே மாறிக்கொள்ளுங்கள்' என்று எங்கள் திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. பாய் அதையும் லோன்காரப் பெண்ணின் பேச்சைப் போலவே முழுதாகப் படித்துவிட்டு, மரியாதையாக மூடிவைத்தார்.

"ஓட்டைன்னு போட்டிருக்கு பாய். யாரு வேணா உள்ள பூந்து நம்ம பேர்ல மெசேஜ் அனுப்பலாம். மாத்திருவோம்" என்றேன்.

"புதுசுல பட்டன் போனுக்கு மெசேஜ் போவாதும்மா. நெட்டு உள்ள போனுக்கு மட்டுந்தான் போவும்."

"இந்தக் காலத்துல யாரு பாய் பட்டன் போன் வச்சிருக்கா?"

பதில் எனக்கே தெரியும் என்பதால் அவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

ஓட்டை சும்மா இருக்குமா? சம்பா விதைத்து வயல்கள் பச்சை பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு காலையில் பெரியவர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். "என்னா பாய் இது? தண்ணி எப்ப வரும்னு தொறந்து பாத்தா, அஞ்சு நிமிசத்துல லோன் தர்றேங்குது ஒங்க வாய்க்கா." அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லார் போனிலும் எங்கள் நிரலின் பெயரில் யாரோ லோன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கப்புறம் உண்மையான தண்ணீர்ச் செய்தியையும் ஜனங்கள் நம்பவில்லை. சிலர் மதகடியிலேயே போய்க் குந்திக் காவல் இருந்தார்கள். எதற்காக இந்த நிரலோ அந்தக் காரியமே கெட்டுப்போனது. அடுத்த முறைக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

பாய்க்கும் வேறு வழி இல்லை. ஆனாலும் கடைசியாக ஒரு தடவை, பட்டன் போனில் செய்தி வாங்குகிறவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தார்.

"ஒண்ணு இருக்கும்மா!"

அதே முகம். ஃபேக்ஸ் கேட்டு ஆள் வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணு இருக்குல்ல!"

உடனே அந்த நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தவர் கடற்கரைப் பக்கம், வாய்க்கால் முடிகிற கடைமடை ஊர்க்காரர். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

"தம்பி, தண்ணி முறை மெசேஜ் ஒழுங்கா வருதா?"

"டாண்ணு வருது பாய்."

"போன மாத்துற எண்ணம் ஏதும் இருக்கா?"

"இது எத்தன தடவ கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆவ மாட்டேங்குது பாய். எதுக்கு மாத்தணும்?"

பாய் என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் விடவில்லை. "அவருக்கு எத்தன மான்னு கேளுங்க" என்றேன். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆளின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எத்தனை மா என்று கேட்கிற சீமை எங்களுடையது. பெண் பார்க்கப் போனாலும் அதுதான் கேள்வி, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தாலும் அதுதான் கேள்வி.

"தம்பிக்கு எத்தன மா?" என்றார் பாய்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "எனக்கு ஏது பாய் நெலம்? ஒரு குழிகூடக் கெடையாது."

வழக்கு முடிந்தது. "நெலமே இல்லாத ஆளுக்குத் தண்ணி முறை எதுக்கு பாய்? பொழுதுபோவலன்னு படிக்கிறாரா?" என்றேன். பாய் போனை வைத்தார். "அதுவும் சரிதான்" என்று மெதுவாகச் சொன்னார். நிலம் இல்லாத மனிதர் பிறகு எதற்காகத் தண்ணீர்ச் செய்தி வாங்குகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நிலம் இல்லை என்று தெரிந்த பிறகு எங்கள் சீமையில் அடுத்த கேள்வி கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். மாற்றங்களை நான் எழுதி வைத்திருந்தேன். அவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் வேலை முடிந்தது. நீக்கப்படும் வரிகள் திரையில் சிவப்பாக வரும். ஒவ்வொரு சிவப்பு வரியையும் பஸ் ஏறப்போகிற சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போனார்.

"நீங்களே அமுக்கிருங்களேம்மா."

"இது உங்க ப்ராஜெக்ட் பாய். நீங்கதான் அமுக்கணும்."

பிஸ்மில்லா சொல்லிப் பொத்தானை அழுத்தினார். பிறகு எழுந்து போய், அன்றைக்குத் துடைக்க வேண்டிய நாள் இல்லாவிட்டாலும், ஃபேக்ஸ் மெஷினைத் துடைத்தார்.

புதிய பதிப்பு வெண்ணெய்போல ஓடியது. லோன் செய்தி நின்றது. செய்தி சேர்ந்துவிட்டது என்பதற்கு, பட்டியலில் மிஞ்சியிருந்த ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டிக் விழுந்தது. மதகடியில் குந்தியிருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் வெற்றிக் களிப்பில் பாய்க்குப் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை மருந்து குடிப்பதுபோலக் குடித்தார்.

முறை சுற்றி முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம், கடையில் அந்தப் பழைய போன் அடித்தது. 'நல்லா இருங்க' சொல்லும் தயாரிப்போடு பாய் எடுத்தார். நான் லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"மெசேஜ் வரலியே பாய். பக்கத்து ஊர்ல தண்ணி போவுது. கேட்டா, எங்க முறை முடிஞ்சுபோச்சுங்கறாங்க. பழைய மெசேஜ்ல எல்லாம், சந்தேகம்னா கேளுங்கன்னு கீழ இந்த நம்பர் இருக்கும். அதான் கூப்புட்டேன்."

"ஒங்களுக்குத்தான் நெலம் இல்லன்னீங்களே தம்பி?"

"எனக்கு இல்ல பாய். நான் டீக்கடை வச்சிருக்கேன். மைக் செட்டும் இருக்கு. மெசேஜ் வந்தா மைக்ல சொல்லுவேன், ஊரே கெளம்பிப் போயி மதகத் தொறக்கும். எங்க ஊருக்கே இந்த ஒரு போனுலதானே வருது."

நிலமில்லாத அந்த ஒற்றை ஆளுக்குப் பின்னால் ஓர் ஊர் நின்றிருந்தது. மைக்கில்தான் சொல்கிறார்களே என்று அந்த ஊரில் வேறு யாரும் தங்கள் நம்பரைக் கொடுக்கவே இல்லை.

பாயின் டிவிஎஸ் வண்டியில் அவரும் என் ஸ்கூட்டியில் நானும் போனோம். நேரடியாக விதைத்த வயல்கள். முளைத்த பயிர் நுனி கருகிச் சுருண்டு நின்றது, தரையில் கால் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. டீக்கடை வாசலில் ஊர் கூடியிருந்தது. "மைக்குச் சத்தம் வரல, வரல, சும்மாத்தான் இருந்தோம்" என்று ஒரு அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "லோன் குடுக்குறேன்னு மெசேஜ் வந்தப்பக்கூட, கூடவே தண்ணி மெசேஜும் வந்துச்சுல்ல பாய்?"

பாய் எல்லாருக்கும் நடுவில் போய் நின்றார். "நான்தான் எடுத்துட்டேன். இவங்க மேல ஒண்ணும் இல்ல."

இவங்க மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னால் யார் மேல் என்று ஊருக்குப் புரியாதா? அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னைக் காப்பாற்றிய அழகு அது. இன்றைக்குக் கேட்டாலும் அந்த அப்டேட் சரிதான் என்றுதான் சொல்வேன். ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தால் ஒரு ஊர் இல்லை, எல்லா ஊரும் கெட்டிருக்கும். இதை அந்த வெடிப்புக்கு மேல் நின்றுகொண்டு சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அங்கிருந்து பாய் நேராக மேல்மடை ஊருக்குப் போனார். அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் முறைத் தண்ணீரை எங்கள் சீமையில் எவனும் விட்டுக்கொடுக்க மாட்டான், அண்ணன் தம்பிக்குள்ளேயே அதற்கு மண்டை உடைந்திருக்கிறது. மதகுமேல் நின்றவர்களிடம் பாய் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர்களில் பாதிப் பேருக்கு ஆதாரில் பெயர் திருத்தியவர் அவர்தான், மீதிப் பேர் 'போர்டு பாயா?' என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அரைநாள் தண்ணீர் விட்டார்கள். கடைமடையில் பாதிப் பயிர் பிழைத்தது. பிழைக்காத வயலில் மறுபடி விதைத்தார்கள். பலகை அன்றைக்கு ஒரு வேலை செய்தது என்பதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வருஷக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருப்பார் என்ற பயம்தான்.

நான் என் வேலையை முறையாகச் செய்தேன். அந்த ஊரில் நெட் உள்ள போன் வைத்திருக்கிற எல்லாரையும் நிரலில் சேர்த்தேன். டீக்கடைக்காரரும் மனசில்லாமல் ஒரு டச் போன் வாங்கினார். இனி ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும், செய்தி போய்ச் சேர்ந்த பிறகும், பாய் தன் பழைய நம்பரிலிருந்து டீக்கடைக்குப் பேசுவார். "தம்பி, தண்ணி ஒங்க முறை. மைக்ல சொல்லிருங்க."

"டிக்கு விழுந்துருச்சு பாய். அவரு படிச்சும் பாத்துட்டாரு. எதுக்கு மறுபடி போன்?"

"இருக்கட்டும்மா. யாராச்சும் ஒருத்தர்..."

மீதியைக் கேட்காமல் நான் வெளியே வந்துவிடுவேன். தூக்கி எறிய வேண்டிய பழைய வழியை நிரலிலிருந்து எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்ட மனிதரிடம் என்ன பேசுவது?

போன கோடையில், ஆற்றில் மணல் மட்டும் கிடந்த நாட்களில், கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் மறுநாள் திறக்க வரவில்லை. மாரடைப்பு. பழைய கேட் புது கேட் இரண்டு வழியாகவும் ஜனம் வந்தது. கடைமடையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். டீக்கடைக்காரர் சந்தூக்குக்குத் தோள் கொடுத்து, அடக்கம் செய்கிற மையவாடிவரை போனார். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவரைப் பிடிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. அவர் இருக்கும்போது கிண்டல் செய்வதற்கே நேரம் சரியாக இருந்தது.

நிரலின் பொறுப்பு என் கைக்கு வந்தது. அதில் இன்னும் மிச்சமிருந்த 'பழைய பழைய முறை'யை நீக்க இப்போது யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டாம். ஆபீஸில் வேலை அதிகம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மேட்டூர் திறந்தார்கள். முறை வைத்தார்கள். கடைமடையின் முறை வந்த காலையில் செய்தி ஒழுங்காகப் போனது, எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்தது. நான் பெங்களூர்க்காரர்களோடு மீட்டிங்கில் இருந்தேன். போன் அதிர்ந்தது. திரையில் 'பாய் பழசு' என்று வந்தது. அந்த நம்பரை நான் அந்தப் பெயரில்தான் பதிந்திருந்தேன். மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு எடுத்தேன்.

பேசியது அக்கா.

"டீக்கடைத் தம்பி லைன்ல இருக்காரும்மா. மெசேஜ் வந்துருச்சாம். ஆனா மறுபடியும் எவனாச்சும் உள்ள பூந்து அனுப்பியிருந்தா, முறை இல்லாத நாள்ல தொறந்து ஊருக்கு ஊரு சண்டையாயிரும்னு பயப்புடறாங்க. பாய் வீட்லேர்ந்து ஒரு வார்த்த வரட்டும்னு எல்லாரும் மதகுகிட்ட நிக்கிறாங்களாம். நான் என்னத்தக் கண்டேன்? நீ சொல்லு."

"அக்கா, இந்த நம்பருக்கு இன்னுமா ரீசார்ஜ் பண்றீங்க?"

"அவங்க மவுத்தானதும் நிறுத்திப்புடணும்னுதான் நெனச்சேன்." அக்கா பேச்சை மாற்றினார். "அதெல்லாம் அப்புறம் பேசலாம். தண்ணி போயிரும், நீ மொதல்ல பேசு."

டீக்கடைக்காரரை இணைப்பில் சேர்த்தார். காற்றும் சலசலப்புமாகக் கேட்டது.

"யாருங்க பேசறது?"

பெங்களூரில் எனக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. நிரலின் பொறுப்பாளர் என்றும் சொல்லியிருக்கலாம். அன்று வெடிப்பில் நின்ற பெண் என்று சொன்னால் உடனே அடையாளம் தெரிந்திருக்கும். என் வாயில் வந்தது வேறு.

"தண்ணி உங்க முறைதான் அண்ணே. பாய் சொல்லச் சொன்னாங்க."

மையவாடிவரை தோள் கொடுத்துப் போனவர் அவர். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"சரிம்மா" என்றார்.

போனை வைக்காமலே எங்கோ நடந்து போனார். மைக்கை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி: "தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு. பாய் சொல்லிட்டாங்க. மதகத் தொறங்க."

அக்கா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மீட்டிங்கில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மியூட்டை எடுக்கவில்லை.

இப்போது அந்தப் பழைய சிம் என் போனில் இருக்கிறது. அக்காதான் கொண்டுவந்து கொடுத்தார். கடைமடையின் முறை வரும்போது அதிலிருந்து நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். மற்ற நாட்களில் அதில் வருவதெல்லாம் லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்கிற அழைப்புகள்தான். நேற்றுக்கூட வேலைக்கு நடுவே ஒரு பெண் கூப்பிட்டு மூச்சு விடாமல் ஒப்பித்தாள். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்மா, நல்லா இருங்க" என்று சொல்லி வைத்தேன்.